இரண்டு தோணியில் கால்

‘இரண்டு தோணியில் கால் வைக்காதே’ என்று நம் பெரியவர்கள் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று கேலியும் செய்திருக்கிறார்கள். அப்படிச் சொன்ன அதே வாயால், நாலு வித்தை தெரிந்தவன் ஒருவனைக் கண்டால் ‘சகலகலா வல்லவன்’ என்று மெச்சவும் அவர்கள் தயங்கியதில்லை. ஆகவே, இரண்டு வித்தை கற்றவன் கெட்டிக்காரனா, அசடனா என்பது, கடைசியில் அவன் ஜயித்தானா, தோற்றானா என்பதைப் பொறுத்த விஷயமாக முடிகிறது. ஜயித்தால் சகலகலா வல்லவன். தோற்றால் இரண்டு தோணிக்காரன்!

இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா? விசாரித்துப் பார்ப்பதற்கு ஏற்ற வழக்கு ஒன்று நம் சென்னைப் பட்டணத்திலேயே இருக்கிறது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் இருவர். ஒருவர் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடினார். மற்றவர் கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆடினார். இருவரும் ஏதோ பேட்டை அளவில் பெயர் வாங்கிவிட்டு ஓய்ந்தவர்கள் அல்ல. தத்தம் இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவின் சார்பாக அந்நிய நாட்டுக் குழுக்களை எதிர்த்து நின்றவர்கள். 1936-ஆம் வருஷம் இருவரும் ஒரே கிரிக்கெட் கோஷ்டியில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில் ஒருவருக்குப் பாயசம் கிடைத்தது. மற்றவருக்கு இலை மட்டும் போட்டார்கள், பரிமாறவில்லை.

இலை மட்டும் கிடைத்தவர் எம். ஜே. கோபாலன். பாயசம் கிடைத்தவர் கோட்டா ராமஸ்வாமி.

கோபாலனுடைய பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எம்’ என்ற எழுத்து மொரப்பாக்கத்தைக் குறிப்பது. செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சின்னஞ்சிறு கிராமம் அது. 1909-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ஆம் தேதி அங்கே அவர் பிறந்தார். பிறகு குடும்பம் பட்டணத்துக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. திருவல்லிக்கேணிப் பையன்களுக்குப் பார்த்தசாரதி கோயிலும் கடற்கரையும் எவ்வளவு சொந்தமோ, அவ்வளவு சொந்தம் கிரிக்கெட். சேப்பாக்கம் மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

ஆனால் கூப்பிடு தூரம் என்பது வேறு, கூப்பிடுவது என்பது வேறு. சேப்பாக்கம் மைதானம் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்குச் சொந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே விளையாடப் போன இந்தியர்கள், பகல் சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. மண்டபம் துரைமார்களுக்கு மட்டும்தான். இதைக் கண்டு மனம் பொறுக்காமல் 1888-இல் ‘மெட்ராஸ் யுனைடெட் கிளப்’ என்ற சங்கத்தை ஏற்படுத்தியவர் புச்சி பாபு நாயுடு. மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து, பழகுவதற்கு இடமும் தேடிக் கொடுத்து, நம்மவர்களைத் துரைமார்களோடு சரிக்குச் சரி நிற்கச் செய்தவர் அவர். 1908-இல் அவர் காலமானார். அவர் கண்ட கனவு பிற்பாடு பலித்தது. ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கம் என்று சேப்பாக்கத்தில் வருஷந்தோறும் நடைபெற்ற மாகாணப் பந்தயம், ‘பொங்கல் மாட்ச்’ என்ற பெயரால் பட்டணவாசிகளின் பண்டிகைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. நம் கதையின் இரண்டாவது கதாநாயகரான ராமஸ்வாமி இந்தப் புச்சி பாபுவின் கடைசிப் பிள்ளை. தாய்வழிப் பாட்டனார் சுவீகாரம் எடுத்துக்கொண்டபடியால் ‘கோட்டா’ என்ற குடும்பப் பெயர் அவருக்கு வந்தது.

ஆகவே இந்த இருவரின் ஆரம்பத்தையும் வாசகர்கள் மனத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ராமஸ்வாமிக்கு விளையாட்டு என்பது பிதுரார்ஜிதம். வீட்டைச் சுற்றி மைதானம். வீட்டுக்குள்ளே கிரிக்கெட் பேச்சு. அண்ணன்மார் எல்லாரும் ஆட்டக்காரர்கள். கோபாலனுக்கோ அது சுயார்ஜிதம். அவர் பந்து எறிவதைக் கவனித்து, ‘இவன் சாமானியப் பையன் அல்ல’ என்று தெரிந்துகொண்டவர் ஸி. பி. ஜான்ஸ்டன் என்னும் துரை. சென்னைக் கிரிக்கெட்டுக்கு நிறையப் பாடுபட்டவர் அவர். கோபாலனுக்கு பர்மா ஷெல் கம்பெனியில் ஓர் உத்தியோகமும் ஆயிற்று. அந்த நாளில் விளையாட்டுக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. காலையில் மைதானம், பகலில் ஆபீஸ், மாலையில் மறுபடியும் மைதானம் என்று ஓடும் ஒரு மனிதனுக்கு, லீவு கொடுக்கச் சம்மதிக்கும் எஜமானன் கிடைப்பது பெரும் பாக்கியம்.

அப்பொழுதெல்லாம் ஒருவர் இரண்டு ஆட்டம் ஆடுவது இன்றைக்குத் தோன்றுகிற அளவு அதிசயமும் அல்ல. பருவத்துக்குப் பருவம் ஆட்டம் மாறும். மைதானமும் சிநேகிதர்களும் மாற மாட்டார்கள். ஹைதராபாத்தில் எஸ். எம். ஹாதி என்று ஒருவர் இருந்தார். டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டென்னிஸ் ஆடினார். பிறகு கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்து, ரஞ்சி கோப்பைப் பந்தயத்தின் முதல் செஞ்சுரியை அடித்தார். இப்பொழுதோ ஒவ்வோர் ஆட்டமும் வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களையும் தனக்கே எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு தோணியில் இரண்டு காலையும் வைத்து நிற்பதற்கே இடம் போதாத காலத்தில் இரண்டாவது தோணிக்கு எங்கே போவது?

கோபாலன் வேகப் பந்து வீச்சாளர். 1926-ஆம் வருஷத்திலிருந்தே பெரிய ஆட்டங்களில் இறங்கிவிட்டார். 1933-34 பனிக்காலத்தில், இங்கிலாந்துக் கோஷ்டி ஜார்டைன் தலைமையில் நம் தேசத்துக்கு வந்தது. இந்திய மண்ணில் டெஸ்ட் பந்தயம் நடைபெறுவது அதுவே முதல் தடவை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இரண்டாவது டெஸ்டில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. இரண்டு இன்னிங்ஸிலுமாக 18 ரன் எடுத்தார். ஒரு விக்கெட் வீழ்த்தினார். பிரமாதம் என்று சொல்ல முடியாது. மோசம் என்றும் சொல்ல முடியாது. முதல் கச்சேரிக்கு வந்த பாடகர் வர்ணம் பாடி முடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். சபை இனிமேல்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஆனால் சபை கலைந்துவிட்டது. அடுத்த மாதம், பிப்ரவரி 10-ஆம் தேதி, மூன்றாவது டெஸ்ட் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் அதுதான். தம்முடைய சொந்த ஊரில், தாம் ஓடி வளர்ந்த மைதானத்தில், ஜனங்கள் திரள் திரளாக வந்து கூடிய அந்த ஆட்டத்தில் கோபாலனுக்கு இடம் இல்லை. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்டோடு அவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்துவிட்டது. அப்படி முடிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. அதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

அந்த வருஷமே நவம்பர் மாதம் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் வேறொரு காரியம் நடந்தது. ரஞ்சி கோப்பைப் பந்தயம் பிறந்தது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தப் பந்தயத்தின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அவர் வீசத் தொடங்கிய ஆட்டம் அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்தும் போய்விட்டது! மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. சென்னை ஒரே இன்னிங்ஸில் எடுத்த 130 போதுமானதாயிற்று. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட்டுகளை அள்ளிக்கொண்டார். அன்று தொடங்கிய பந்தயம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ லட்சம் பந்துகள் அதற்குப் பிறகு வீசப்பட்டிருக்கின்றன. ஆயினும் முதல் பந்து ஒன்றுதானே? அதைக் கோபாலனிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

இனி அவருடைய இரண்டாவது தோணியைப் பார்ப்போம்.

ஹாக்கியில் இந்தியா அந்தக் காலத்தில் உலகத்துக்கே சக்கரவர்த்தி. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் தங்கப் பதக்கம். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கப் பதக்கம். தியான் சந்தின் மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். 1935-இல் தியான் சந்தின் தலைமையில் நியூஜிலாந்துக்குப் புறப்பட்ட இந்தியக் குழுவில் கோபாலன் இருந்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் அந்தக் குழு ஆடிய ஆட்டங்கள் 48; அடித்த கோல்கள் 584. இதில் தியான் சந்த் ஒருவர் மட்டும் அடித்தவை 201. வாசகர்கள் இதை அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி பன்னிரண்டு கோல் என்று ஏற்படுகிறது. எதிர்த்து ஆடியவர்களுக்குப் பந்தைத் தொடுகிற நேரத்தைவிட, வலையிலிருந்து எடுத்துவந்து நடுவில் வைக்கிற நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும்.

ஆக, 1935-ஆம் வருஷத்தின் முடிவில் இருபத்தாறு வயதுக் கோபாலனின் நிலைமை இது: ஹாக்கியில் உலகத்தின் தலைசிறந்த குழுவோடு கடல் கடந்து ஆடிவிட்டு வந்தவர். கிரிக்கெட்டில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு, இன்னொன்றுக்குக் காத்திருப்பவர்.

1936-ஆம் வருஷம் வந்தது. கோடையில் பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயம். அதே கோடையில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் போக வேண்டும். ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குப் போவதா, கிரிக்கெட் கோஷ்டியோடு கப்பல் ஏறுவதா? இரண்டு தோணியும் இரண்டு பக்கம் விலகத் தொடங்கிவிட்டன. ஒரு காலை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

கதை எழுதுகிறவனுடைய கையில் இந்தக் கட்டம் அகப்பட்டிருந்தால் என்னென்ன செய்திருப்பான்! கதாநாயகன் ராத்திரி முழுதும் தூங்காமல் கடற்கரையில் உலாவியிருப்பான். கிழவர் ஒருவர் வந்து தத்துவம் பேசியிருப்பார். சரித்திரத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகையால் கோபாலனின் மனத்துக்குள் புகுந்து பார்த்ததாக நான் பாவனை செய்யப் போவதில்லை. ஆனால் அந்த நாளில், அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால், எந்தப் பாதை எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியும்.

கிரிக்கெட் கோஷ்டியில் அவருடைய பெயர் வெளியாகிவிட்டது. அது கையில் இருந்த காசு. ஹாக்கியிலோ தேர்வு ஆட்டம் ஆடி ஜயிக்க வேண்டும். அது கடனாகக் கொடுத்த காசு. கிரிக்கெட்டுக்குப் பின்னால் மகாராஜாக்கள் இருந்தார்கள், கவர்னர்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன. ஹாக்கி கோஷ்டியோ 1932-இல் அமெரிக்கா போய் வருவதற்குக் கடன் வாங்கி, வழியெல்லாம் காட்சிப் பந்தயம் ஆடிப் பணம் சேர்த்த கோஷ்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாக்கியில் அவர் பார்க்க வேண்டியதை ஒருவாறு பார்த்துவிட்டார். கிரிக்கெட்டில் கல்கத்தாவில் தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. பாதியில் நிற்கிற வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்ற அரிப்பு எப்படிப்பட்டது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் வேறு விதத்தில் தெரியாமல் இருக்காது.

‘அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை’ என்று நம்மில் ஒரு வசனம் உண்டு. கோபாலன் விஷயத்தில் அது உவமையாகக்கூட நிற்கவில்லை, உண்மையாகவே பலித்தது. ஏனெனில் 1936-இல் இங்கிலாந்து சென்ற கோஷ்டிக்குத் தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். ‘விஜி’ என்று அவரைக் கிரிக்கெட் உலகம் அழைத்தது. அவர் பெரிய ரசிகர், பெரிய தனவந்தர், செல்வாக்கு மிக்கவர். ஒரு கோஷ்டித் தலைவருக்கு வேண்டிய குணங்களில் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று மட்டும்தான் அவரிடம் சற்றுக் குறைவு. மூன்று டெஸ்டுகளிலும் ஆடி, மொத்தம் 33 ரன் எடுத்தார்.

அந்தக் கோஷ்டியின் கதை துரியோதனன் சபையின் கதை. ஸி. கே. நாயுடுவின் பக்கம் சிலர், தலைவரின் பக்கம் சிலர் என்று பிளவு. கோஷ்டியின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான லாலா அமர்நாத்தை, முதல் டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே, ஒழுங்கு தவறினார் என்று சொல்லி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலைச் சிற்றுண்டி மேஜையில் நாயுடுவை எல்லார் முன்னிலையிலும் ஏசிய ஒருவருக்கு, அதற்குச் சன்மானமாக டெஸ்டில் இடம் கிடைத்தது என்றுகூடக் கிரிக்கெட் சரித்திரம் எழுதியவர்கள் சொல்வதுண்டு. இத்தகைய சபையில் திருவல்லிக்கேணியிலிருந்து போன ஒரு கம்பெனி உத்தியோகஸ்தருக்காகப் பரிந்து பேச யார் இருக்கப் போகிறார்கள்?

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. கோபாலனுக்கு இடம் கிடைக்காததற்கு அரண்மனைச் சூழ்ச்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. புதுப் பந்தை வீசுவதற்கு முகம்மது நிசார் இருந்தார். அவரைப் போன்ற வேகக்காரர் இந்தியாவில் அதற்குமுன் தோன்றியதில்லை. அமர்சிங் அந்த வருஷம் இங்கிலாந்திலேயே லீக் ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தார். டெஸ்டுகளுக்கு மட்டும் வந்து கலந்துகொண்டார். லார்ட்ஸில் அவர் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்தை 134-க்குச் சுருட்டினார். கேம்பிரிட்ஜிலிருந்து ஜஹாங்கீர் கானும் வந்து சேர்ந்துகொண்டார். இப்படி வாசலில் மூன்று பேர் நிற்கும்போது நான்காவது மனிதர் உள்ளே நுழைவது சுலபம் அல்ல. மூன்று டெஸ்டுகள் நடந்தன. மூன்றிலும் கோபாலன் வெளியிலேயே இருந்தார்.

இப்போது, பாயசம் கிடைத்தவரைக் கவனிப்போம்.

கோட்டா ராமஸ்வாமி 1896-இல் பிறந்தவர். இந்த இங்கிலாந்துப் பயணத்தின் நடுவில் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. நாற்பது வயதில் நம்மவர்கள் சாதாரணமாகப் பெண்ணுக்கு வரன் தேடத் தொடங்குவார்கள். விளையாட்டு என்றால் சீட்டாட்டத்தோடு சரி. ராமஸ்வாமி தம்முடைய வாலிபத்தை ஏற்கெனவே வேறோர் ஆட்டத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டிருந்தார். கேம்பிரிட்ஜில் படித்தபோது சர்வகலாசாலைக்காக டென்னிஸ் ஆடினார். 1922-இல் டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவின் சார்பாக டாக்டர் பைஸியுடன் ஜோடி சேர்ந்து ஆடினார். இந்தியா ருமேனியாவை வென்றது. பிறகு ஸ்பெயினிடம் தோற்றது. அதற்கும் பதினான்கு வருஷங்கள் கழித்து இதோ கிரிக்கெட் மட்டையுடன் மறுபடியும் இங்கிலாந்தில் வந்து நிற்கிறார்!

ஜூலை 25-ஆம் தேதி மான்செஸ்டரில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். முதல் இன்னிங்ஸில் 40 ரன். இரண்டாவது இன்னிங்ஸில் 60. விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து, இந்தியாவின் மானத்தைக் காப்பாற்றிய ஆட்டம் அது. அந்தப் பெரிய வெளிச்சத்தில் இந்த இடதுகை ஆட்டக்காரரின் விளக்கு பலர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்த டெஸ்டிலும் ஆடினார். 29 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் கடைசி வரையில் ஆட்டம் இழக்காமல் 41 எடுத்தார். இரண்டு டெஸ்டுகள், 170 ரன்கள், சராசரி 56-க்கும் மேல். பத்து வருஷம் டெஸ்ட் ஆடிய எத்தனையோ மகாவீரர்கள் இந்தச் சராசரியை எட்டியதில்லை. கதவு திறந்தது இரண்டே தடவை. அந்த இரண்டு தடவையும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை.

வாசகர்கள் இனி ஒரு தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1936-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி, சனிக்கிழமை.

அன்றைக்கு லண்டனில் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் ஆரம்பமாயிற்று. இங்கிலாந்து முதலில் ஆடியது. ஹாமண்ட் இரட்டைச் செஞ்சுரி அடித்தார். பந்தைத் துரத்தித் துரத்தி நம்மவர்கள் கால் ஓய்ந்தார்கள். அப்படி ஓடியவர்களில் ராமஸ்வாமி ஒருவர். கோபாலனுக்கு அந்த ஓட்டம்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

அதே சனிக்கிழமை, பெர்லினில் ஹாக்கி இறுதிப் பந்தயம். முதல் நாளே நடந்திருக்க வேண்டியது; மழையினால் தள்ளிப் போய் இந்தத் தேதிக்கு வந்தது. எதிரி ஜெர்மனி. ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன்னால் நடந்த ஒரு பழக்கப் பந்தயத்தில் ஜெர்மனி நம்மவர்களை 4-1 என்று தோற்கடித்திருந்தது. ஆகவே எல்லாருக்கும் உள்ளூரப் பயம். ஆட்டத்துக்கு முன்னால், உடை மாற்றும் அறையில், குழுவோடு சென்றிருந்த பங்கஜ் குப்தா ஒரு துணியை எடுத்து விரித்தார். மூவர்ணக் கொடி! மைதானத்தில் பறந்தது பிரிட்டிஷ் ஆட்சியின் கொடி. அறைக்குள் அவர்கள் வணங்கியது தேசத்தின் கொடியை. வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள். இடைவேளை வரையில் ஒரே ஒரு கோல். பிறகு தியான் சந்த் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார் என்று சொல்வார்கள். கடைசியில் கணக்கு: இந்தியா 8, ஜெர்மனி 1. அந்த ஒலிம்பிக்கில் நம்மவர்கள் ஐந்து ஆட்டத்தில் அடித்த கோல்கள் 38; வாங்கியது அந்த ஒன்றே ஒன்றுதான்.

பதினோரு வருஷம் கழித்து அதே ஆகஸ்டு 15-ஆம் தேதி அந்தக் கொடிக்கு என்ன மகிமை வரப்போகிறது என்று அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. லண்டனில் இருந்தவர்களுக்கும் தெரியாது. விதி என்று சொல்லுங்கள், தற்செயல் என்று சொல்லுங்கள். முந்திய வருஷம் தியான் சந்தோடு சேர்ந்து ஓடிய ஒரு மனிதர், அவருடைய தோழர்கள் கழுத்தில் வெற்றி மாலை விழுந்த அதே நாளில், தமக்கு இடம் இல்லாத ஓர் ஆட்டம் தொடங்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. நாவலில் இப்படி எழுதினால், ‘ஆசிரியர் வேண்டுமென்றே தேதிகளைப் பொருத்துகிறார்’ என்று விமரிசகர்கள் குறை சொல்வார்கள். சரித்திரம் விமரிசகர்களுக்குப் பயப்படுவதில்லை.

‘போனால் போகிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கும் வழி இல்லாமல் போயிற்று. ஓவல் டெஸ்டுக்குப் பிறகு, இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-இல். நடுவில் உலகத்தையே கவிழ்த்த மகாயுத்தம். 1940-இலும் 1944-இலும் ஒலிம்பிக்கே நடைபெறவில்லை. மறுபடியும் ஹாக்கித் தங்கம் 1948-இல் வந்தபோது கோபாலனுக்கு வயது முப்பத்தொன்பது. அவர் மட்டும் அல்ல. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் முழுவதையுமே யுத்தம் விழுங்கிவிட்டது. ராமஸ்வாமியும் அதன் பிறகு டெஸ்ட் ஆடவில்லை. இருவருடைய தோணிகளும் ஒரே நாளில் கரை தட்டிவிட்டன.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “ஐயோ! பெர்லினுக்குப் போயிருக்கலாமே!”

இந்த வார்த்தையில் அனுதாபம் இருக்கிறது, நியாயம் இல்லை. பெர்லினில் 8-1 என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தேர்வு ஆட்டங்களுக்குப் போயிருந்தால் கட்டாயம் குழுவில் இடம் கிடைத்திருக்கும் என்று சாசனம் எழுதிக் கொடுக்கவும் யாரும் இல்லை. இங்கிலாந்தில் ஒரே ஒரு டெஸ்டில் இடம் கிடைத்து, அதில் நான்கு விக்கெட் விழுந்திருந்தால், ‘எவ்வளவு தீர்க்கதரிசி!’ என்று இதே ஜனங்கள் சொல்லியிருப்பார்கள். அறுவடை ஆன பிறகு நெல்லை அளந்து பார்த்து, விதைத்தவனைப் புத்திசாலி என்றும் மூடன் என்றும் தீர்மானிக்கிறோம். விதைக்கிற அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ராமஸ்வாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் கிரிக்கெட் ஆடக் கப்பல் ஏறியவரை, அந்த நாளில் எத்தனை பேர் மெச்சியிருக்க முடியும்? மான்செஸ்டரில் அவர் பூஜ்யத்துக்கு ஆட்டம் இழந்திருந்தால், ‘வயசான காலத்தில் இது எதற்கு?’ என்ற ஒரு கேள்வியோடு அவர் கதை முடிந்திருக்கும். இரண்டு பேரும் எடுத்த தீர்மானம் ஒன்றேதான், கிடைத்ததுதான் வேறு.

கோபாலன் அதோடு ஒடுங்கிப் போகவும் இல்லை. சென்னைக்குத் திரும்பினார், சேப்பாக்கத்தில் மறுபடியும் பந்தைக் கையில் எடுத்தார். 1951-52 வரையில், கால் நூற்றாண்டு காலம், உயர்தரக் கிரிக்கெட்டில் ஆடிக்கொண்டிருந்தார். அத்தனை காலத்தில் ஏறக்குறைய இருநூறு விக்கெட்டுகள். அந்த நீண்ட சேவையைக் கௌரவிப்பதற்காக 1952-53-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு பந்தயத்தை ஏற்படுத்தி, அதற்குக் கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். டெஸ்ட் அந்தஸ்து பெறுவதற்கு முன்னால் இலங்கை ஆட்டக்காரர்கள் தங்கள் திறமையைத் தீட்டிக்கொள்வதற்கு ஒரு சாணைக்கல்லாக அது பல காலம் உதவியது. டெஸ்ட் வாசலில் காக்க வைக்கப்பட்ட மனிதரின் பெயரால், ஒரு தேசத்துக்கே அந்த வாசலுக்கு வழி கிடைத்தது என்றால், இதைவிடப் பொருத்தமான கௌரவம் வேறு என்ன இருக்க முடியும்?

பிற்காலத்தில் அவர் இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் இருந்தார். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று மற்றவர்களின் தலைவிதியைத் தீர்மானிக்கிற நாற்காலி. விடுபட்டவனுடைய மனம் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

ராமஸ்வாமி 1953-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்கு மானேஜராகப் போனார். 1966-இல் தம் ஞாபகங்களை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். தாம் ஒரு விளையாட்டுப் பித்தர் என்பதைப் புத்தகத்தின் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். அவருடைய முடிவுதான் மனத்தைச் சங்கடப்படுத்துவது. 1985 அக்டோபரில் ஒரு நாள், எண்பத்தொன்பதாவது வயதில், அடையாற்றில் இருந்த வீட்டைவிட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. எவ்வளவு தேடியும் அவரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பிற்பாடு கிரிக்கெட் புள்ளிவிவரப் புத்தகங்கள் அவருடைய பெயருக்கு எதிரே, இறந்தவராகக் கருதப்படுகிறார் என்று எழுதிக்கொண்டன. ஓவல் மைதானத்தில் ஆட்டம் இழக்காமல் திரும்பியவரைப் பற்றி, கடைசிக் கணக்கிலும் ‘ஆட்டம் இழந்தார்’ என்று நிச்சயமாக எழுத முடியவில்லை.

கோபாலனுக்கோ, பாயசம் கொடுக்க மறந்த காலம் ஆயுளை மட்டும் அள்ளிக் கொடுத்தது. 2003 டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானபோது வயது தொண்ணூற்று நான்கு. உலகத்தில் அன்று உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் மூத்தவர் அவர்தான். ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்! விஜி போய்விட்டார், நிசாரும் அமர்சிங்கும் போய்விட்டார்கள், தியான் சந்தும் போய்விட்டார். தாம் ஆடிய டெஸ்டை நினைத்துப் பார்க்கவும், தாம் போகாத பெர்லினை நினைத்துப் பார்க்கவும் அவருக்கு மட்டும் அறுபத்தேழு வருஷங்கள் கிடைத்தன.

வழக்கை விசாரிப்பதாகச் சொல்லித்தான் தொடங்கினேன். தீர்ப்பும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தோணியில் கால் வைத்தவனைக் கேலி செய்யலாம். நமக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இரண்டு தோணியும் அவனுக்காகக் கரையில் வந்து நின்றன என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு தோணிகூட வருவதில்லை. கரையில் நின்றுகொண்டு, ‘அவன் அதில் ஏறியிருக்கலாம், இதில் ஏறியிருக்கலாம்’ என்று யோசனை சொல்வதோடு நம் காலம் கழிந்துவிடுகிறது.